பதாகையில் இல்லாத பிள்ளை: பரீட்சையும் கோட்டாவும் எங்கள் புத்தளமும்



ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கிழமை, வழக்கம்போல நாங்களும் ஒரு பதாகை அடித்தோம். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த ஒன்பது பிள்ளைகளின் படம், பெயர், புள்ளி. பாடசாலை மதிலில் கட்டினோம், முகநூலிலும் போட்டோம். உங்களில் பலர் "மாஷா அல்லாஹ்" என்று எழுதியிருந்தீர்கள்.

அடுத்த நாள் காலையில் ஒரு வாப்பா கேற்றடியில் நின்றார். கடலுக்குப் போய் வந்த உடுப்போடு மகனைக் கொண்டுவந்து விட வந்தவர். "சேர், என்ட மகனும் எழுதினான் தானே. அவன்ட போட்டோ ஏன் இல்ல?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மகன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எடுத்தது வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைவு. 200க்கு 70 எடுத்தாலே சித்தி என்று சான்றிதழ் தருகிறார்கள். அந்தக் கணக்கில் அவன் எப்போதோ சித்தியடைந்த பிள்ளை. நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினோம்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடப் போய்த்தான் இந்த நீண்ட பதிவு. "திறமை உள்ளவனுக்கே இடம்" என்ற எண்ணம் எங்கள் கரைக்கு எப்படி வந்தது, என்ன தந்தது, எதை மறைத்தது என்று ஒரு தடவை பின்னோக்கிப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கற்பிட்டியிலிருந்து தொடங்குவோம். 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834 இல் இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள் பற்றிய தகவல்களை அகரவரிசையில் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1838 இல் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியானார். பிறகு சிவில் சேவையில் சேர்ந்து, சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். தமிழ்ப் புலவர்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1859 இல் வந்தது. 1860 இல் காலமானார். எங்கள் மாவட்டம் பெற்ற பெரிய அறிஞர்களில் ஒருவர் அவர். அவருடைய திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் திறமை மட்டும் போதாது. காசிச்செட்டி ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளை. மணியகாரர், முதலியார் என்ற பதவிகள் குடும்பத்தைப் பார்த்தும், ஆளுநரின் தயவைப் பார்த்தும் கொடுக்கப்பட்டன. அதே வருடத்தில் அதே கற்பிட்டியில் ஒரு மீனவனுக்கோ உப்பளக் கூலிக்கோ அவரைப் போன்ற மூளையோடு ஒரு பிள்ளை பிறந்திருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பற்றி எந்த நூலிலும் ஒரு வரி கிடையாது. யாரும் அவனை ஒரு பரீட்சையில் உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

சிவில் சேவையை உள்நாட்டவருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற யோசனை கோல்புறூக் சீர்திருத்தத்தோடு 1833 இல் வந்தது. ஆனால் போட்டிப் பரீட்சை எழுதி அதில் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். அது 1875. கதவு திறந்திருக்கிறது என்று சொன்னதற்கும், ஒருவர் தன் பரீட்சைப் புள்ளியோடு அதன் வழியே உள்ளே போனதற்கும் இடையில் 42 வருடங்கள். அவரும் கேம்பிரிட்ஜில் படிக்க வசதி இருந்த குடும்பத்தவர்.

முஸ்லிம்களாகிய நாங்கள் எப்போது போனோம்? 1935 இல். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள்தான் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அருணாசலத்துக்குப் பின் இன்னும் 60 வருடங்கள். இந்த 60 வருட இடைவெளியை யார் மேல் போடுவது? எங்கள் பிள்ளைகளுக்கு மூளை இல்லாமலா? இல்லை. ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று எங்கள் பாட்டன்மார் பயந்தார்கள். வியாபாரம் இருக்க உத்தியோகம் எதற்கு என்றும் நினைத்தார்கள். சித்தி லெப்பை அவர்கள் 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகை தொடங்கி, படியுங்கள் படியுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1892 இல் மருதானையில் ஸாஹிரா உருவானது அந்த முயற்சியின் பலன். பரீட்சை எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்கு முன்னால் பாடசாலை என்ற ஒன்று வேண்டுமே. இந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

அஸீஸ் அவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தான் ஏறிய ஏணியைப் பெருமைக்காகச் சாத்தி வைக்கவில்லை. 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது கிழக்கின் முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையை நேரில் பார்த்தார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் படிப்பை நிறுத்தக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பிறகு சிவில் சேவையையே விட்டுவிட்டு 1948 இல் ஸாஹிராவின் அதிபராகப் போனார்.

அதே 1945 இல்தான் நாட்டுக்கே பெரிய மாற்றம் வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் விசேட குழு 1943 இல் கொடுத்த அறிக்கையின்படி, 1945 ஒக்டோபர் 1 முதல் பாடசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. கன்னங்கராவே சின்ன வயதில் அம்பலாங்கொடைப் பக்கத்துப் பாடசாலையில் கெட்டித்தனம் காட்டி, உதவிப் பணத்தில் காலி ரிச்மண்ட் கல்லூரிக்குப் போனவர். தனக்குக் கிடைத்த வாய்ப்பை நாட்டுக்கே பரப்பப் பார்த்தார். கிராமங்களில் மத்திய கல்லூரிகள் கட்டப்பட்டன. அங்கே விடுதியில் தங்கிப் படிக்க ஏழைக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய ஒரு பரீட்சை வைத்தார்கள். எங்கள் மதிலில் பதாகையாகத் தொங்கும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் அங்கிருந்துதான் வந்தது.

ஆக, அந்தப் பரீட்சை தொடங்கியபோது இருந்த கேள்வி "ஏழைகளில் யாருக்கு உதவினால் மேலே வருவான்?" என்பது. இன்று அது "யாருடைய பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போகும்?" என்று மாறிவிட்டது. மூன்றாம் ஆண்டிலேயே டியூஷனுக்கு அனுப்பக்கூடிய வீட்டுப் பிள்ளையும், வாடியில் கருவாடு காயவைக்கும் உம்மாவின் பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். வருடத்துக்குச் சுமார் 3 இலட்சம் பிள்ளைகள்.

ஆனாலும் நாங்கள் நன்றி மறந்தவர்கள் ஆகக் கூடாது. இலவசக் கல்வியும் பரீட்சையும் இல்லாவிட்டால் இன்று புத்தளத்தில் எத்தனை டொக்டர்கள், இன்ஜினியர்கள், ஆசிரியர்கள் இருந்திருப்பார்கள்? உங்கள் குடும்பத்திலேயே எண்ணிப் பாருங்கள். இதை எழுதும் எங்களுடைய மூத்தவாப்பா உப்பளத்தில் கூலி. வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண் மங்கிப் போன மனிதர். பெயர் எழுதத் தெரியாது. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று கரும்பலகைக்கு முன்னால் நிற்பது, பரீட்சைத் தாளில் குடும்பப் பெயரை யாரும் பார்க்காததால்தான். சுட்டெண் மட்டும்தான் இருந்தது. மெரிட் தந்த வாக்குறுதி அதுதான், எங்கள் வீட்டில் அது நிறைவேறியும் இருக்கிறது. அதை இலேசாகத் தூக்கி எறிய எங்களால் முடியாது.

அடுத்தது வரலாற்றின் கசப்பான பக்கம். இதில் எங்கள் சமூகத்துக்கும் பங்கு இருப்பதால் கவனமாகச் சொல்ல வேண்டும்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மொத்த மாணவர் 904 பேர். இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் வந்தபின் உயர்தரம் எழுதுவோர் தொகை பல மடங்கு கூடியது. ஆனால் மருத்துவ, பொறியியல் இடங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. நல்ல விஞ்ஞான ஆய்வுகூடங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் சில நகரங்களிலும்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரும் அவர்களுக்குப் போட்டியாக இந்துக் கல்லூரிகளும் நூறு வருடமாகக் கட்டியெழுப்பிய கல்வி. நிலம் வறண்டது, உத்தியோகம்தான் சோறு போடும் என்று இரவு பகலாகப் படித்த பிள்ளைகள். 1970 அளவில் விஞ்ஞானம் சார்ந்த பாடநெறிகளில் ஏறத்தாழ 35 வீதம் தமிழ் மாணவர்கள்.

1971 அனுமதியில் அரசாங்கம் மொழிவாரியாக வெவ்வேறு புள்ளி வைத்தது. பேராதனையில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 400க்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். பொறியியலுக்கு 227, 250. ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் எழுதிய இருவர். ஒருவன் 240 எடுத்து உள்ளே, மற்றவன் 240 எடுத்து வெளியே. 1973 இல் அதை மொழிவாரித் தரப்படுத்தலாக மாற்றினார்கள், 1974 இல் மாவட்டக் கோட்டா வந்தது. அந்த வருடம் விஞ்ஞானப் பாடநெறிகளில் தமிழ் மாணவர் பங்கு ஏறத்தாழ 21 வீதமாக இறங்கியது. யாழ்ப்பாண இளைஞர்கள் மனதில் அது வைத்த தீ பிறகு நாட்டையே எரித்த தீயில் போய்ச் சேர்ந்தது.

அப்போது கல்வி அமைச்சர் யார்? எங்கள் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் ஆசிரியர்களுக்கும் அவர் செய்தது பெரிய சேவை. கிழக்கிலும் எங்கள் பக்கத்திலும் அதை அனுபவித்த குடும்பங்கள் ஏராளம். மாவட்டக் கோட்டாவால் கண்டி மலைநாட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளும் இலாபமடைந்தார்கள். இதெல்லாம் உண்மை. மொழியைப் பார்த்துப் புள்ளி கூட்டிக் குறைத்தது அநியாயம் என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லும்போது இரண்டாவதை விழுங்கிவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு அது சரியில்லை என்று படுகிறது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மொனராகலையிலோ வண்ணாத்திவில்லிலோ பௌதிகவியல் ஆசிரியரையே காணாத ஒரு பிள்ளை 200 எடுப்பதும், கொழும்பில் எல்லா வசதியோடும் ஒரு பிள்ளை 230 எடுப்பதும் ஒன்றா? மொழியைப் பார்த்துப் புள்ளி வைத்தது பிழை. பிள்ளை படித்த இடத்தின் வசதியைப் பார்ப்பது அதே பிழை அல்ல. 1974 இல் இந்த இரண்டும் ஒரே அரசியலின் கையில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் இன்றுவரைக்கும் கோட்டா என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு பக்கம் காயமும் மறு பக்கம் சந்தேகமும் வருகிறது.

பிறகு வந்த அரசாங்கங்கள் வீதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தன. இன்று மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்குப் பின்பற்றுவது இதுதான்: 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் பின்தங்கியவை எனப் பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் எங்கள் புத்தளமும் ஒன்று. இன்னொன்று எது தெரியுமா? யாழ்ப்பாணம். 1974 இல் அளவுக்கு மீறி முன்னேறிய மாவட்டம் என்று வெட்டப்பட்ட அதே யாழ்ப்பாணம், யுத்தம் முடிந்தபோது பின்தங்கிய மாவட்டம். திறமை என்பது இரத்தத்தில் ஓடுவதாக நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பாடசாலையும் ஆசிரியரும் அமைதியும் போனால் திறமையும் புள்ளியில் இறங்கும்.

இசட் புள்ளி பற்றியும் பெற்றோர் அடிக்கடி கேட்பதால் இரண்டு வார்த்தை. 2001 அளவில் இது நடைமுறைக்கு வந்தது. உதாரணத்துக்கு, இரசாயனவியலில் எல்லாரும் சராசரியாக 65 எடுத்திருக்க உங்கள் மகள் 70 எடுத்தாள். பௌதிகவியல் கஷ்டமான தாள், சராசரி 40, அவள் எடுத்தது 60. பார்வைக்கு 70 பெரிது. ஆனால் மற்றவர்களை விட அவள் உயர்ந்து நின்றது பௌதிகவியலில்தான். சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, மற்றவர்களின் புள்ளி எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவதுதான் இசட் புள்ளி. பாடத்துக்குப் பாடம் இருக்கும் கஷ்டத்தை அது சரிசெய்கிறது. வீட்டுக்கு வீடு இருக்கும் கஷ்டத்தை அதால் சரிசெய்ய முடியாது.

அப்படியென்றால் மாவட்டக் கோட்டா அதைச் சரிசெய்கிறதா? எங்கள் மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தெற்கே வென்னப்புவ, நாத்தாண்டிய. நீர்கொழும்புக்குக் கிட்ட. இத்தாலியில் உழைத்து அனுப்பும் காசில் மாடி வீடுகள் எழும்பிய, "குட்டி இத்தாலி" என்று பெயரெடுத்த பகுதி. வடக்கே வண்ணாத்திவில்லு, மேற்கே கற்பிட்டிக் குடா நாடு. கற்பிட்டியிலிருந்து புத்தளம் டவுனுக்கே 40 கிலோமீற்றருக்கு மேல். களப்புக்கு அப்பால் தீவுகளில் இருக்கும் மீனவப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காகிதத்தில் இவை எல்லாம் ஒரே மாவட்டம். பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் வரும் இடத்துக்கு இவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் போட்டியிடுகிறார்கள். அந்த வரிசையில் யார் முன்னுக்கு நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை. வசதி குறைந்தவனுக்காக வந்த சலுகையை, அவனோடு ஒரே மாவட்டத்தில் இருக்கும் வசதியானவனே முதலில் எடுத்துக்கொள்வான். அவன் செய்தது குற்றம் இல்லை. ஒரு மாவட்டத்தை ஒரே ஊராக நினைக்கும் கணக்கில்தான் பிழை.

உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தார் என்பதை வைத்தே மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. வெளியிலிருந்து வந்து பெயரைப் பதிந்து, இங்கே பரீட்சை மட்டும் எழுதி இடத்தைக் கொண்டுபோகிறார்கள் என்ற முறைப்பாடு பின்தங்கிய மாவட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அப்படிச் செய்பவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கோபம் எங்கள் ஊரில் வேறு யார் மேலே பாய்ந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது எங்கள் புத்தளத்துக்கு. ஆரம்பத்தில் நம் மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தார்கள், பள்ளிவாசலைத் திறந்துவிட்டார்கள், காணி கொடுத்தார்கள். அதை அவர்கள் இன்றும் சொல்லி துஆ செய்கிறார்கள். வருடங்கள் போகப் போகப் பேச்சு மாறியது. பாடசாலையில் வாங்கு போதவில்லை, காலையில் ஒரு தொகுதி, பின்னேரம் ஒரு தொகுதி. உயர்தரப் பெறுபேறு வரும்போது "எங்கட மாவட்டத்து இடத்தை அகதிப் பிள்ளை கொண்டுபோகுது" என்று தேநீர்க் கடையில் பேசினோம். நாங்களும் பேசினோம். மறைத்து என்ன பயன்.

எங்களோடு ஒரு கணித ஆசிரியர் படிப்பித்தார். யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர். 1974 தொகுதியில் உயர்தரம் எழுதியவர். எடுத்த புள்ளிக்கு முந்திய வருடங்களாக இருந்தால் பொறியியல் கிடைத்திருக்கும் என்பார். யாழ்ப்பாண மாவட்டக் கோட்டாவில் கிடைக்கவில்லை, ஆசிரியரானார். தரப்படுத்தல் தமிழரை மட்டும் வெட்டியது என்று நினைப்போம். யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளையையும் அது வெட்டியது. 1990 இல் ஒரு பையோடு இங்கே வந்தார். ஓலைக் கொட்டிலில் வைத்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றாகத் திரிகோண கணிதம் படிப்பித்தார். அவரிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன புத்தளத்துப் பிள்ளைகள் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். அவருடைய மகள் நல்ல பெறுபேறு எடுத்தபோது, "நீ எந்த மாவட்டம்?" என்று அவளிடமே கேட்டவர்களும் இங்கே இருந்தார்கள். இதை அவர் ஒரு நாள் ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டு, சோக்கை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடம் குறைவாக இருந்தால் மனிதன் இப்படித்தான் ஆகிவிடுகிறான். அண்மைய வருடங்களில் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. திறமை என்று பிரித்தாலும் மாவட்டம் என்று பிரித்தாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியில் நிற்கும். வெளியில் நிற்பவன் கணக்கைத் திட்ட முடியாமல் பக்கத்தில் நிற்பவனைத் திட்டுகிறான். தமிழன், சிங்களவன், முஸ்லிம், அகதி, ஊரவன் என்று.

சரி, இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு வருவோம்.

மெரிட் அடிப்படையிலான ஆட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உலகத்தில் பிரபலமாக்கியவர் மைக்கல் யங் என்ற பிரித்தானியச் சமூகவியலாளர். 1958 இல் ஒரு நூல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அதை அவர் புகழ்வதற்காக எழுதவில்லை, எச்சரிக்கையாக, நையாண்டியாக எழுதினார். எல்லாரும் அதைப் பாராட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். 2001 இல் வயது போன காலத்திலும் பத்திரிகையில் எழுதி அதைக் கண்டித்தார். அவருடைய பயம் இது. பழைய காலத்தில் கீழே இருந்த ஏழை, "எனக்கு வாய்ப்புத் தரவில்லை" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். எல்லாருக்கும் ஒரே பரீட்சை என்று வந்தபின், கீழே இருப்பவனிடம் "உனக்கு வாய்ப்புத் தந்தோம், நீ லாயக்கில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அவனும் அதை நம்பிவிடுவான். மேலே போனவனோ, எல்லாம் தன் கெட்டித்தனம் என்று நினைத்துக் கீழே இருப்பவனுக்குத் தான் எதுவும் கடமைப்படவில்லை என்று ஆகிவிடுவான்.

கேற்றடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து வயதுப் பிள்ளை ஏற்கெனவே அதை நம்பத் தொடங்கிவிட்டான். நம்பவைத்தது நாங்கள்தான். பரீட்சைத் திணைக்களம் அவனைப் பற்றிச் சொன்னது ஒரு இலக்கம் மட்டும். அதற்கு ஒரு மதிலையும் ஒன்பது படத்தையும் சேர்த்து அதைத் தீர்ப்பாக ஆக்கியது நாங்கள்.

அதே வகுப்பில் அவனுக்கு அந்த வருடம் நடந்ததை நாங்கள் அறிவோம். காற்றுக் காலத்தில் வாப்பாவுக்குத் தொழில் இல்லை. இரண்டு மாதம் பிள்ளை ஒழுங்காக வரவில்லை. எங்கள் பக்கத்திலும் ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போய் மூன்று மாதம் அந்த வகுப்பு ஆளில்லாமல் கிடந்தது. படம் வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வெளியே டியூஷனுக்குப் போனவர்கள். அவர்கள் உழைத்துப் படித்தார்கள், அதில் சந்தேகமில்லை, அவர்களை வாழ்த்துவோம். ஆனால் அந்த நான்கு புள்ளி யாருடைய குறை? அந்தப் பிள்ளையுடையதா, மூன்று மாதம் ஆளில்லாத வகுப்புடையதா?

எங்கள் முடிவு இது. பரீட்சையும் மெரிட்டும் வேண்டாம் என்று சொல்பவர்கள் நாங்கள் இல்லை. அது போனால் திரும்பவும் வருவது கடிதமும் கட்சியும் குடும்பமும்தான், அதில் உப்பளத்துக் கூலியின் பேரன் என்றைக்கும் ஜெயிக்க மாட்டான். கோட்டா வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் கற்பிட்டிப் பிள்ளை மருத்துவ பீடத்தின் வாசலையே பார்க்க முடியாத வருடங்கள் இருந்திருக்கும். ஆனால் இரண்டும் பரீட்சை முடிந்த பிறகு செய்யும் பங்கீடு. எங்கள் கையில் இருப்பது அதற்கு முந்திய பத்துப் பதின்மூன்று வருடம். அதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை.

அதனால் எங்கள் பாடசாலையில் சில ஆசிரியர்கள் கூடிச் சில விடயங்களைத் தீர்மானித்திருக்கிறோம். அடுத்த வருடம் பதாகை இல்லை. பெறுபேறு வந்ததும் பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளோடும் ஒரு வகுப்புப் படம் எடுத்து அதைத்தான் போடுவோம். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களை வகுப்பில் வைத்துப் பாராட்டுவோம்.

ஊர் மக்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை. கௌரவிப்பு விழாவுக்குச் செலவாகும் காசை, பொன்னாடையும் கேடயமும் சாப்பாடும் சேர்த்து, ஒரு வருடம் மட்டும் நிறுத்திப் பாருங்கள். அந்தக் காசில் ஒரு விஞ்ஞான ஆசிரியருக்கு மாதாந்தக் கொடுப்பனவு கொடுத்து வெற்றிடம் நிரம்பும் வரை வகுப்பை ஓட்டலாம். தூரத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு முடிய வீடு போக ஒரு வேன் போடலாம். அஸீஸ் அவர்கள் 1945 இல் செய்ததும் இதைத்தான்.

பல்கலைக்கழகம் போன எங்கள் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாங்கிய இடத்தில் உங்கள் உழைப்பு இருக்கிறது. அந்தக் கொட்டிலில் நின்று படிப்பித்த ஆசிரியரும், 5 வீதத்தை எழுதிவைத்த ஒரு சட்டமும், நாடு முழுக்க வரி கட்டிய மக்களும் அதில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இரண்டு நாள் வந்து ஒரு வகுப்பு எடுங்கள். அது போதும்.

அந்த வாப்பாவிடம் நேற்றுப் போய்ப் பேசினோம். வாடியில் வலை தைத்துக்கொண்டிருந்தார். மதிலில் படம் போட்டது எங்கள் பிழை என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "அது பரவாயில்ல சேர். அவன் ஆறாம் ஆண்டுக்கு உங்கட ஸ்கூல்லயே தான் வாறான். நல்லாப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். ஜனவரியில் அவன் எங்கள் வகுப்புக்கு வருகிறான், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். உடன்பாடு இல்லாதவர்களும் எழுதுங்கள். முக்கியமாக, உங்கள் ஊர்ப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை என்று கீழே குறிப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுக்க இருக்கிறோம்.